இரண்டு மில்லிமீட்டர்

அந்தத் தெருவில் கடைசியாக நன்றாக ஓடிக்கொண்டிருந்த தொழில் ஒன்றே ஒன்றுதான், பாஸ்போர்ட் படம் எடுப்பது. தையல்காரர் வெளிநாடு போய்விட்டார். செருப்புக் கடைக்காரர் போய்விட்டார். இரண்டு மருந்துக் கடைகளில் ஒன்று போய்விட்டது, இன்னொன்று போவதா வேண்டாமா என்று பாதி ஷட்டரை இறக்கிவைத்துக்கொண்டு யோசித்தது. போனவர்கள் அத்தனை பேரும் போவதற்கு முன்னால் அந்தச் சின்ன ஸ்டுடியோவுக்குள் நுழைந்து, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, வெள்ளைத் துணிக்கு முன்னால் உட்கார்ந்து எழுந்தவர்கள்தான்.

ஸ்டுடியோக்காரரை எல்லோரும் கைராசிக்காரர் என்றே கூப்பிட்டார்கள். அவர் கையால் படம் எடுத்தால் விசா நிச்சயம் என்று ஒரு பேச்சு. யார் கிளப்பிவிட்டது என்று தெரியாது. அவரே கிளப்பிவிட்டிருந்தாலும் ஆச்சரியமில்லை. உண்மையில் அதில் ராசியும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. வெளிநாட்டு ஆபீஸ்காரர்கள் கேட்கிற அளவை அவர் இம்மி பிசகாமல் கடைப்பிடித்தார், அவ்வளவுதான். தாடையிலிருந்து உச்சந்தலைவரை இத்தனை மில்லிமீட்டர், இரண்டு காதும் தெரியவேண்டும், பின்னால் நிழல் விழக்கூடாது, பல் தெரியக்கூடாது. மற்ற ஸ்டுடியோக்காரர்கள் குத்துமதிப்பாக வெட்டுவார்கள். இவர் ஸ்கேல் வைத்து வெட்டுவார். ஆனால் ஸ்கேல் வைத்து வெட்டுகிறார் என்பதற்காக யாராவது மூன்று பஸ் மாறி வந்து வரிசையில் நிற்பார்களா? கைராசி என்றால் நிற்பார்கள். அதனால் அவர் ஸ்கேலை மேஜைக்கு அடியில் ஒளித்துவைத்துக்கொண்டு, கையை மட்டும் மேலே காட்டிக்கொண்டிருந்தார்.

வரி விஷயத்தைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. முதலில் கடைப் பெயர்ப் பலகைக்கு அடிக்கணக்கில் வரி போட்டார்கள். அந்த வாரமே தெரு முழுக்க ரம்பச் சத்தம். ஆளாளுக்குப் பலகையை அறுத்துச் சின்னதாக்கிக்கொண்டார்கள். வரி ஏற ஏற பலகை இறங்கியது. ஸ்டுடியோவின் பலகை கடைசியில் பள்ளிக்கூடத்துச் சிலேட்டு அளவுக்கு வந்து நின்றது. அடுத்ததாக, வாடிக்கையாளர் உட்காரும் நாற்காலி ஒன்றுக்கு இவ்வளவு என்று விதித்தார்கள். அதிலிருந்து, வரி அதிகாரி தெருமுனையில் தலைகாட்டினால் போதும், கைராசிக்காரர் உட்கார்ந்திருப்பவர்களை எழுப்பிவிட்டு நான்கு நாற்காலிகளையும் பின்னால் இருந்த பழைய இருட்டறைக்குள் தள்ளிப் பூட்டிவிடுவார். படம் எடுக்கிற ஸ்டூல் மட்டும் வெளியே நிற்கும். ஸ்டூலுக்கு வரி இல்லை. அவசரத்தில் சட்டம் எழுதியவர்கள் அதை மறந்துபோயிருந்தார்கள்.

மகன் மூன்று வருடத்துக்கு முன்பே போய்விட்டான். அவன் படத்தையும் அப்பாதான் எடுத்தார். ஒரே தடவையில் தேறியது. தெருவே பாராட்டியது. அன்றைக்கு அவர் முகத்தில் ஈயாடவில்லை என்பதை மட்டும் யாரும் கவனிக்கவில்லை.

மிச்சம் இருந்தது மனைவி. அவள் பல்பு கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் செக்கிங் பிரிவில் இருந்தவள். பெல்ட்டில் நகர்ந்து வருகிற பல்பைக் கையில்கூட எடுக்கமாட்டாள். கம்பி ஒரு மயிரிழை கோணியிருந்தாலும் விரல் தானாக நீண்டு தட்டிவிடும். அவள் கண்ணுக்குத் தப்பி ஒரு கோளாறான பல்பு கேட்டைத் தாண்டியதில்லை என்று கம்பெனியில் சொல்வார்கள். மின்சாரத்துக்கு வரி, கண்ணாடிக்கு வரி, கம்பிக்கு வரி என்று வரிசையாக ஏறியதும் கம்பெனிக்காரர் ஒரு வெள்ளிக்கிழமை கேட்டை மூடினார். திங்கட்கிழமை அவர் குடும்பத்தோடு ஸ்டுடியோ வரிசையில் நின்றார்.

வேலை போனது கம்பெனியிலிருந்துதான், அவள் கண்ணிலிருந்து போகவில்லை. வீட்டில் இருந்த டம்ளர்களை எல்லாம் ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, குமிழி உள்ளவை ஒரு பக்கம், கீறல் உள்ளவை ஒரு பக்கம் என்று பிரித்து அடுக்கினாள். முட்டைக் கடைக்காரர் அவளைக் கண்டாலே உள்ளே போய் ஒளிந்தார். சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் படம் வலப்பக்கம் அரை விரல் சாய்ந்திருக்கிறது என்று முப்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவள், இப்போது தினம் காலையில் அதை நிமிர்த்தினாள். புருஷன் எடுத்த எந்தப் படத்தையும் அவள் நன்றாக இருக்கிறது என்று சொன்னது கிடையாது. சொல்லவும் மாட்டாள். நல்ல சரக்கு தானாகப் போகும், பேசவேண்டியது கோளாறைப் பற்றித்தான் என்பது அவள் கட்சி.

நான்கு மாதம் இப்படிப் போனது. பிறகு ஒரு வெளிநாட்டுக் கண்ணாடிப் புட்டித் தொழிற்சாலையிலிருந்து கடிதம் வந்தது. அதே செக்கிங் வேலை, நல்ல சம்பளம், ஒரு வருடம் கழித்துப் புருஷனையும் கூப்பிட்டுக்கொள்ளலாம். செய்தி தெருவில் பரவுவதற்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. எல்லோரும் வந்து கைராசிக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். கட்டின மனைவியைத் தைரியமாக அனுப்புகிற மனசு யாருக்கு வரும் என்றார்கள். அவர் பெரிய மனிதர் மாதிரி தலையை ஆட்டிக்கொண்டார். தாராளமாகப் போய்வா என்று மனைவியிடமும் சொல்லிவைத்தார். சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வெகு நேரம் முகம் கழுவினார்.

அவருக்கு அவள் போவதில் துளியும் இஷ்டமில்லை. ஒரு வருடம் கழித்துப் பின்னாலேயே போகலாம்தான். ஆனால் அங்கே ரயில் நிலையத்தில் ஒரு பெட்டி இருக்கிறதாம். உள்ளே போய்க் காசைப் போட்டுத் திரையை இழுத்துக்கொண்டால் பெட்டியே படம் எடுத்து வெளியே தள்ளிவிடுமாம். மகன் எழுதியிருந்தான். ஊரையெல்லாம் வேலைக்கு அனுப்பிவைத்தவர், அங்கே போய் வேலையில்லாமல் அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டுமா? இதை எல்லாம் மனைவியிடம் உட்கார்ந்து சொல்லியிருக்கலாம். இரண்டு வாய் வார்த்தை. ஆனால் தெருவே கையைக் குலுக்கிவிட்டுப் போன பிறகு அந்த இரண்டு வார்த்தையும் தொண்டைக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டன. சில ஆண்களுக்கு வாய் என்று ஒன்று இருப்பதே அடுத்தவன் வீட்டு விவகாரம் பேசத்தான்.

அதனால் அவர் தனக்குத் தெரிந்த வழியில் இறங்கினார். மனைவியின் படத்தை எடுத்து, கம்ப்யூட்டரில் தலையை இரண்டே மில்லிமீட்டர் பெரிதாக்கினார். வெறும் இரண்டு. அம்மா பெற்ற பிள்ளை எவனுக்கும் கண்ணில் படாது. வெளிநாட்டு ஆபீஸ் இயந்திரத்துக்கு மட்டும் படும். திருட வருகிறவன்கூட அவ்வளவு நேர்த்தியாகத் திருடமாட்டான். மனைவி படத்தைக் கையில் வாங்கி ஒரு பார்வை பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் விண்ணப்பத்தில் ஒட்டினாள். அவர் மனசுக்குள் தன் கைத்திறமையை மெச்சிக்கொண்டார்.

ஆறு வாரம் கழித்து விண்ணப்பம் திரும்பி வந்தது. முகத்தின் அளவு கூடுதல் என்ற இடத்தில் ஒரு டிக். அடடா, இயந்திரக் கோளாறாக இருக்கும் என்று அவர் உச்சுக்கொட்டினார். இரண்டாவது படத்தில் அளவைத் தொடவில்லை. ஒரே தப்பை இரண்டு தடவை செய்ய அவர் என்ன முட்டாளா? விளக்கை ஒரு சாண் நகர்த்தி வைத்தார். இடது காதுக்குப் பின்னால் வெள்ளைத் துணியில் நகக்கீற்று அளவு நிழல் விழுந்தது. மற்றவர்கள் படத்தில் அந்த மாதிரி நிழலைத் துடைத்து எடுப்பவர், இதில் பத்திரமாக விட்டுவைத்தார். அதுவும் ஆறு வாரத்தில் திரும்பியது. மூன்று வாய்ப்புதான், மூன்றாவதும் தவறினால் இரண்டு வருடத்துக்கு விண்ணப்பிக்க முடியாது என்று அடியில் சிவப்பு எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். அதைப் படித்தபோது அவர் முகம் சோகமாக இருந்தது. கால் மட்டும் மேஜைக்கு அடியில் தாளம் போட்டது.

அந்தத் தாளம் மூன்று நாள்கூட நிலைக்கவில்லை. கைராசிக்காரர் பெண்டாட்டி படமே இரண்டு தடவை திரும்பிவிட்டது என்ற செய்தி இஸ்திரிக் கடையில் புறப்பட்டு, அடுத்த தெருவைச் சுற்றி, வரிசையில் நின்றவர்கள் காதுக்கு வந்து சேர்ந்தது. சொந்த மனைவிக்கே பலிக்காத கை ஊராருக்கு எங்கே பலிக்கப்போகிறது என்று முனகினார்கள். திங்கட்கிழமை பதினெட்டுப் பேர் வந்த கடைக்கு அடுத்த திங்கட்கிழமை நான்கு பேர் வந்தார்கள். மீதிப் பேர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த குத்துமதிப்பு ஸ்டுடியோவுக்குப் போனார்கள். மனைவியின் தம்பி, வேன் ஓட்டுகிறவன், ஓட்ட வேன் இல்லாமல் சும்மா இருப்பவன், கடைக்கு வந்து நேராகவே கேட்டான். மாமா கோபித்துக்கொள்ளக்கூடாது, மூன்றாவது படத்தை மட்டும் அக்கா அந்த ஸ்டுடியோவில் எடுத்தால் என்ன என்றான். கைராசிக்காரர் பதில் சொல்வதற்குள் அக்காவே வேண்டாம் என்றாள். படம் எடுத்தால் இங்கேதான் எடுப்பாளாம். மைத்துனன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

இப்படியாக, மனைவி போகக்கூடாது என்று போட்ட திட்டம் கடையை மூட வைக்கிற இடத்துக்கு வந்து நின்றது. வெட்டிய குழியை எட்டிப் பார்த்தால், உள்ளே தன்னுடைய கேமராவும் விளக்கும் கிடப்பது அவருக்கு நன்றாகவே தெரிந்தது.

அப்படி ஒருநாள் பதினொரு மணிக்கு வரி அதிகாரி தெருமுனையில் தெரிந்தார். கடையில் வாடிக்கையாளர் ஒருவரும் இல்லை. பழக்க தோஷத்தில் கைராசிக்காரர் காலி நாற்காலிகளை இருட்டறைக்குள் தள்ளிப் பூட்டிவிட்டு, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ஒன்றும் அறியாதவர் போல் கேமரா லென்ஸைத் துடைத்தார். மனைவி மூலையில் நின்று யாருடைய படத்தையோ கத்தரியால் வெட்டிக்கொண்டிருந்தாள். அதிகாரி உள்ளே வந்தார். ரசீதுப் புத்தகம் இல்லை. கையில் ஒரு கவர்தான் இருந்தது. தலைமுடியைப் படிய வாரியிருந்தார்.

விஷயம் இதுதான். வரி கட்ட ஆள் இல்லாத ஊரில் வரி வசூலிக்க ஆள் எதற்கு என்று மேலிடத்தில் கேட்டுவிட்டார்கள். அவருடைய ஆபீஸை அடுத்த மாதம் மூடுகிறார்கள். போதாததற்கு, வேலை போகிறவர்களுக்குக் கொடுக்கிற தொகையிலும் வரி பிடித்துக்கொள்கிறார்களாம். அதை அவரே நொந்துபோய்ச் சொன்னபோது, கைராசிக்காரருக்குச் சிரிப்பு மூக்குவரை வந்தது. இருமி மறைத்தார். பஸ் நிலைய ஸ்டுடியோவில் எடுத்த படம் தேறவில்லை என்பதால் இங்கே வந்திருக்கிறார். படம் ஒன்று வேண்டும், வெளிநாட்டு அளவில்.

அதிகாரி ஸ்டூலைப் பார்த்தார். இடுப்பு வலி, முதுகு சாய்க்க ஏதாவது கிடைத்தால் தேவலை என்றார். கைராசிக்காரர் விழித்தார். அதிகாரி இருட்டறைக் கதவைப் பார்த்துக்கொண்டே, ஒன்பது வருடமாக அந்த அறைக்குள் நான்கு நாற்காலி இருப்பது தனக்குத் தெரியும் என்றார். கேஸ் எழுதினால் கடையை மூடிவிடுவார்கள், கடையை மூடினால் பலகை வரி போய்விடும், அதனால் எழுதவில்லையாம். கைராசிக்காரர் சாவியை எடுத்து, அறையைத் திறந்து, ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து போட்டார். காதுமடல் வரை சூடாகியிருந்தது.

அதிகாரி சௌகரியமாகச் சாய்ந்துகொண்டு லென்ஸைப் பார்த்தார்.

"ஒளிச்சு வைக்கிறவங்க முகம் எனக்கு அத்துப்படி சார். நாற்காலி போகட்டும். வேற ஏதோ வச்சிருக்கீங்க" என்றார் விளையாட்டாக.

மூலையில் கத்தரிச் சத்தம் நின்றது. கைராசிக்காரர் மடமடவென்று படத்தை எடுத்து, ஸ்கேலை வெளிப்படையாகவே வைத்து அளந்து வெட்டி, கவரில் போட்டுக் கொடுத்து, காசு வாங்கக்கூட மறந்து அவரை வழியனுப்பினார். திரும்பிப் பார்த்தால் அந்த நாற்காலியில் மனைவி உட்கார்ந்திருந்தாள். புடவைக்கு மேலே வெளுத்த நீலத்தில் ஒரு மேல்சட்டை, கம்பெனி நாளில் போடுவது. இரண்டு காதும் தெரிகிற மாதிரி முடியை இழுத்துச் செருகியிருந்தாள்.

அவர் கேமராவுக்குப் பின்னால் போய் நின்றார். விளக்கை எந்தப் பக்கம் நகர்த்துவது என்று கை யோசித்தது. மூன்றாவதற்கு ஏற்கெனவே ஒன்று திட்டம் வைத்திருந்தார், விளக்கு பட்டுக் கண்ணில் மின்னுகிற ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி. ஆனால் கை ஓடவில்லை.

"இந்தத் தடவை என்ன கோளாறு?" என்று கேட்டாள் மனைவி.

 எதைக் கேட்கிறாய், விளக்கையா, கேமராவையா என்று குழறினார்.

"முதல் படத்துல தலை ரெண்டு மில்லிமீட்டர் பெரிசு. ரெண்டாவதுல காதுக்குப் பின்னாடி நிழல். கையில வாங்கினப்பவே பார்த்துட்டேன்."

பார்த்தும் ஏன் அனுப்பினாய் என்று கேட்க அவர் வாயெடுத்தார். அதற்குள் அவளே சொன்னாள்.

"இருபத்திரண்டு வருஷத்துல, கோளாறுன்னு தெரிஞ்சே நான் விட்ட சரக்கு இந்த ரெண்டுதான். முதல் தடவை, வீட்டுக்கு வந்து சொல்லுவீங்கன்னு விட்டேன். ரெண்டாவது தடவையும் அதுக்குத்தான் விட்டேன். படத்தை மட்டும் கெடுத்தீங்க. போகாதேன்னு ஒரு வார்த்தை வரலை."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவருக்கு வசதியாக இருந்திருக்கும், பதிலுக்கு இரண்டு கத்து கத்தியிருக்கலாம். அவள் முதுகை நிமிர்த்தி, லென்ஸுக்கு நேராகப் பார்த்துக்கொண்டு, சட்டப்படி முகத்தில் எந்த உணர்ச்சியும் இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். சரியாக எடுங்கள், இல்லாவிட்டால் வாயைத் திறந்து சொல்லுங்கள், இரண்டில் ஒன்று இன்றைக்கே தெரியவேண்டும் என்றாள்.

போகாதே என்ற சொல் அவர் பல்லுக்கு முன்னால் வந்து நின்றது. சொன்னால் அவள் இருந்துவிடுவாள். அது அவருக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது. அதுதான் பயமாகவும் இருந்தது. இருந்துவிட்டு என்ன செய்வாள்? நாளைக் காலையிலும் கல்யாணப் படத்தை நிமிர்த்துவாள். டம்ளர்களை வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பாள். பார்க்க டம்ளர் தீர்ந்துபோனால் பக்கத்து வீட்டு டம்ளரைக் கேட்டு வாங்குவாள். கம்பெனி மூடிய புதிதில் ஒருநாள் அவர் வெளியே போய்விட்டுத் திரும்பியபோது, அவள் சமையலறை மேடைமேல் டம்ளர்களை வரிசையாக நிறுத்தி, ஒன்று ஒன்றாக விரலால் நகர்த்தி, தன் முன்னால் பெல்ட் ஓடுகிறது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் செருப்பைக் கழற்றாமல் அப்படியே வெளியே போய் தெருவில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார். அதைப் பார்த்த பிறகும் தலையை இரண்டு மில்லிமீட்டர் பெரிதாக்கினார். அதை நினைத்தபோது அவருக்கு அவர்மேலேயே அருவருப்பாக இருந்தது.

விளக்கைச் சரியான இடத்தில் வைத்தார். தாடையைக் கொஞ்சம் தாழ்த்தச் சொன்னார். கண்ணைச் சிமிட்டவேண்டாம் என்றார். எடுத்தார். தன் வாழ்நாளிலேயே அதுதான் மிக நல்ல படம் என்பது பொத்தானை அழுத்திய விரலுக்கே தெரிந்தது. அளந்து, வெட்டி, அவளிடம் நீட்டினார்.

அவள் படத்தையும் ஸ்கேலையும் எடுத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போனாள். தலையை அளந்தாள். காதுகளை எண்ணுகிற மாதிரி பார்த்தாள். சாய்த்துப் பிடித்து மினுமினுப்பைப் பார்த்தாள். அவர் பரீட்சைத் தாளைக் கொடுத்துவிட்டு நிற்பவன் மாதிரி நின்றார். எங்கேயாவது ஒரு கோளாறு இருந்துவிடாதா என்ற நப்பாசை அப்போதும் இருந்தது.

"சரியா இருக்கு" என்றாள்.

முப்பது வருடத்தில் அவர் எடுத்த ஒரு படத்தைப் பற்றி அவள் வாயால் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அதற்காகச் சந்தோஷப்பட அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

இரண்டு பேரும் தபால் பெட்டிக்கு நடந்தார்கள். படம் ஒட்டிய விண்ணப்பக் கவர் அவர் கையில் இருந்தது. தானே போடுவதாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். பெட்டிக்கு முன்னால் இரண்டு பேர் நின்றிருந்தார்கள், அவர்கள் கையிலும் அதே மாதிரி நீளக் கவர்கள். அவர் முறை வந்தது. கவரைப் பாதி உள்ளே நுழைத்துப் பிடித்துக்கொண்டே நின்றார். அவள் அவசரப்படுத்தவில்லை. விட்டார். உள்ளே சின்னதாக ஒரு சத்தம் கேட்டது.

கவர் விழுந்த பிறகுதான் அவர் தொண்டை திறந்தது. இனிமேல் சொன்னால் யாருக்கும் கெடுதல் இல்லை.

"போகாதே" என்றார்.

கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. முன்னால் போன இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் அவர்களைப் பார்க்கவில்லை. மூக்கு சிவந்து, கன்னம் நனைந்து, நடுத்தெருவில் நின்றார். மனைவி முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிடவில்லை, தட்டிக்கொடுக்கவில்லை. அவள் சிரித்தாள், பல் தெரிய, கண்ணிலும் தண்ணீரோடு.

"இதைக் கடிதம் வந்தன்னிக்குச் சொல்லியிருந்தா இருந்திருப்பேன். இப்ப போகத்தான் போறேன். ஆனா கேட்டுட்டுப் போறேன்."

திரும்பி நடந்தார்கள். ஸ்டுடியோவைத் திறந்து போட்டுவிட்டு வந்தது அப்போதுதான் இரண்டு பேருக்கும் ஞாபகம் வந்தது, ஆனாலும் வேகமாக நடக்கவில்லை. இஸ்திரிக் கடை அருகே வந்ததும் அவள் அவர் முழங்கையைப் பிடித்து நிறுத்தி, இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். இஸ்திரிக்காரர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று அவர் தயங்கினார். பிறகு சொன்னார். வீடு போய்ச் சேர்வதற்குள் ஏழெட்டுத் தடவை சொல்லியிருப்பார். ஒவ்வொரு தடவையும் அவள், "மாட்டேன், போவேன்" என்றாள்.